முழங்கால் நீரில் ஒரு காலை



ஏரி என்று சொன்னதும் நம் மனத்தில் முதலில் எழுவது தண்ணீர் அன்று, கரை. ஏரிக்கரை, கரைமேல் நிற்கும் ஆலமரம், மதகு, கலிங்கு என்றுதான் நினைவு ஓடுகிறது. பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வந்து, தில்லியிலும் நாகபுரியிலும் கொல்கத்தாவிலும் குடியேறிவிட்ட நமக்கோ அந்தக் கரையும் தொலைவாகிவிட்டது. போவாய் ஏரியையோ, ஹுசேன் சாகரையோ, போபால் ஏரியையோ மாலை வேளையில் சுற்றி வருகிறோம். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். தண்ணீருக்குள் கால் வைப்பதில்லை. கால் வைக்கும்படியான தண்ணீராகவும் அது பல இடங்களில் இல்லை.

கரையை விட்டு இறங்கி ஓர் ஏரிக்குள் நாங்கள் நடந்த கதையை இன்று சொல்ல வந்திருக்கிறோம். நாங்கள் மூவரும் நீர்ப்பாசனத் துறையில் வேலை பார்ப்பவர்கள். ஒருவர் நாகபுரியிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒருவர் கொல்கத்தாவில் முப்பது ஆண்டுகள் கழித்தவர். மற்றவர் சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்க் கரையில் சிறு வயதைக் கழித்துவிட்டுத் தில்லிக்கு வந்தவர். ஏரிகளின் நீர்மட்டத்தைப் பேணும் முறைகளைக் கற்று வருவதற்காக 2019-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அமெரிக்காவின் ஃபிளாரிடா மாநிலத்துக்குச் சென்றிருந்தோம். அங்கே ஓக்கிச்சோபி என்றோர் ஏரி உண்டு. அந்நாட்டுப் பழங்குடி மொழியில் ‘ஓக்கி’ என்றால் நீர், ‘சோபி’ என்றால் பெரியது. பெயருக்கு ஏற்ற ஏரிதான்; பரப்பு சுமார் 1,900 சதுர கிலோமீட்டர். ஒடிசாவில் வாழும் நேயர்களுக்குச் சிலிகாவைத் தெரியும். மழைக்காலத்துச் சிலிகாவைப் போல் ஒன்றரை மடங்குக்கும் மேற்பட்டது இது. ஆனால் சராசரி ஆழம் என்னவென்று நினைக்கிறீர்கள்? 9 அடி! எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாத அந்த ஏரியில் பெரும்பாலான இடங்களில் ஓர் ஆள்மேல் ஓர் ஆள் நின்றால் மேலே இருப்பவன் தலை வெளியே தெரியும்.

இரண்டு வாரம் நாங்கள் அந்த ஏரியைக் கரைமேலிருந்தே பார்த்தோம். அளவுகோல் பார்த்தோம், மதகுகளைப் பார்த்தோம், வரைபடங்களைப் பார்த்தோம். மூன்றாவது வாரத்து ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் தங்கியிருந்த சிற்றூரில் தூண்டில் இரை விற்றுப் பிழைத்துவந்த கிழவர் ஒருவர் எங்களைக் கேட்டார்: “ஏரியைப் படிக்க வந்திருக்கிறீர்களாம். இன்னும் கால் நனையவில்லையே, ஐயா?” அந்தக் கேள்விதான் எங்களை இறக்கிவிட்டது.

அவர் எங்களை அழைத்துச் சென்றது பெருவாய் மீன் பிடிக்க. ‘லார்ஜ்மவுத் பாஸ்’ என்பது அதன் அமெரிக்கப் பெயர். நாம் இங்கே பெருவாயன் என்றே சொல்லிக்கொள்வோம். முதுகு பாசிப் பச்சை, வயிறு வெளுப்பு, செவுள் தொடங்கி வால் வரையில் விலாவில் கருமையான ஒரு பட்டை. மேல்துடுப்பின் நடுவே ஒரு பள்ளம். வாயை மூடியிருக்கும்போதே அதன் கடைவாய் கண்ணையும் தாண்டிப் பின்னால் போயிருக்கும். இரையைக் கண்டதும் அந்த வாயை அது திறக்கும் வேகத்தில் தண்ணீரும் இரையும் சேர்ந்து உள்ளே பாய்ந்துவிடும். இது கடிப்பதைவிட உறிஞ்சுவது என்றே சொல்லத்தக்கது. அந்நாட்டில் குடியேறிய ஆங்கிலேயர் தம் ஊர் மீன்களின் நினைவில் இதை ‘டிரௌட்’ என்றார்கள். 1802-இல் பிரெஞ்சு அறிஞர் லாஸெபேத், ‘சால்மன் போன்றது’ என்னும் பொருளில் இதற்குப் பெயர் சூட்டினார். உண்மையில் இது டிரௌட்டும் அன்று, சால்மனும் அன்று, கடலில் உள்ள பாஸும் அன்று. ‘சூரிய மீன்’ என்று அவர்கள் அழைக்கும் நன்னீர்க் குடும்பத்தைச் சேர்ந்தது. ஃபிளாரிடாவில் வாழ்வது தனி இனமே என்று 2022-இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று முடிவுகட்டியிருக்கிறது. ஊர்விட்டு ஊர் போனவர்கள் பழைய பெயரையே புதிய பொருளுக்கும் இட்டு அழைப்பது நமக்குப் புதியதா என்ன!

விடியற்காலையில் தட்டையான படகு ஒன்றில் ஏறினோம். ஏரியின் மேற்குப் புறத்தில், கரைக்கு உட்புறமாகவே, கோரையும் சம்பும் அடர்ந்த சதுப்பு நிலம் சுமார் 400 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது. அந்த ஏரிக்கு வரும் நீர்வழிகளில் அணையும் மதகும் தடுக்காமல் தன்போக்கில் வந்து சேரும் ஒரே ஓடை இந்தப் பக்கத்தில்தான் உள்ளது. அதன் பெயருக்கே ‘மீன் தின்னும் ஓடை’ என்று பொருள். அதன் முகத்துவாரத்தைத் தாண்டிக் கோரைப் புதர்களின் வெளிவிளிம்பில் படகை நிறுத்திவிட்டுக் கிழவர் இறங்கினார். தண்ணீர் அவர் முழங்காலுக்குச் சற்று மேலே நின்றது. கண்ணுக்கு எட்டிய தூரம் ஏரி. அதன் நடுவிலே ஒரு மனிதர் முழங்கால் நீரில் நிற்கிறார். அந்தக் காட்சிக்குப் பிறகுதான் 9 அடி என்ற எண்ணின் பொருள் எங்களுக்கு விளங்கியது.

நீரில் நடப்பது ஒரு கலை என்பதை அன்று அறிந்தோம். வயலில் நடப்பதுபோல் காலைத் தூக்கித் தூக்கி வைத்தால் ‘சளப், சளப்’ என்ற ஓசை நூறு முழம் போய்விடுகிறது. மீன் போன திசை தெரியாது. காலைத் தூக்கவே கூடாது. பாதத்தைத் தரையோடு தேய்த்து, மணலை உழுவதுபோல் மெல்லத் தள்ள வேண்டும். இரண்டடி நகர்ந்தால் பத்து எண்ணும் வரை நிற்க வேண்டும். வெயில் முதுகுப் புறம் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் தண்ணீருக்குள் தெரியும். முகத்துக்கு நேரே இருந்தால் வெறும் பளபளப்புதான். ஆனால் முதுகில் வெயில் என்றால் நம் நிழல் முன்னால் விழும். நிழல் விழுந்த இடத்தில் மீன் நில்லாது. ஆகவே சற்றுக் கோணலாக, நண்டு போகிற மாதிரிதான் போக வேண்டியிருந்தது. கித்தான் காலணியும் ஒரு கைத்தடியும் போதும். தடியால் முன்னே தட்டிப் பார்த்துக்கொண்டே போகலாம். உறுதியான மணல் என்றால் தடி நிற்கும். மட்கிய சேறு என்றால் ஒரு முழம் உள்ளே போகும். சேற்றின் பக்கம் போகாதே என்று கிழவர் கையால் காட்டுவார், பேசமாட்டார்.

முதலை உண்டா என்று கேட்கத் துடிக்கிறீர்கள். உண்டு. ஃபிளாரிடா முழுவதிலும் பத்து லட்சத்துக்கு மேல் இருப்பதாகக் கணக்கு. காலை வெயில் ஏறிய பிறகுதான் இறங்க வேண்டும், பொழுது சாயுமுன் ஏறிவிட வேண்டும், பிடித்த மீனைக் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டு நடக்கவே கூடாது என்று மூன்று விதிகளைக் கிழவர் படகிலேயே சொல்லிவிட்டார். மூன்றாவது விதியை மீறிய ஒருவர், கயிற்றின் மறுமுனையில் தம் மீனுக்கு வேறொரு சொந்தக்காரர் இருக்கக் கண்டாராம். அதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார், நாங்கள் சிரிக்கவில்லை. எங்களுள் கொல்கத்தாக்காரர் அன்று முழுவதும் படகிலிருந்து இருபது முழத்துக்கு மேல் விலகவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

தூண்டிற்கோல் குட்டையானது, உருளையில் சுற்றிய தங்கூசி நரம்பு. முள்ளில் கோத்தது ரப்பர்ப் புழு. 1949-இல் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்த்து முதன்முதலில் செய்த புழுவின் வழிவந்தது இது. முள்ளின் கூர்முனையைப் புழுவின் உடலுக்குள்ளேயே மறைத்துவிடுவதால் பாசியில் சிக்குவதில்லை. பாசிக்கு அங்கே குறைவில்லை. நீருக்கடியில் நாடா நாடாவாக அலையும் புல், மேலே மஞ்சள் பூக்கும் தாமரை, ஓரங்களில் ஆகாயத்தாமரை. ஆகாயத்தாமரையைக் கண்டதும் எங்களுக்குப் பழைய பகையாளியைக் கண்டதுபோல் இருந்தது. தென்னமெரிக்காவில் பிறந்து, அவர்கள் நாட்டையும் நம் நாட்டையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிடித்துக்கொண்ட செடி அது. இன்னொன்று அதைவிட வியப்பு. காலில் கயிறுபோல் சுற்றிய ஒரு கொடியைச் சிவகங்கைக்காரர் எடுத்துப் பார்த்து, “இது நம் வேலம்பாசி அல்லவா?” என்றார். ஆம், அதுதான். அலங்கார மீன்தொட்டி வியாபாரத்தின் வழியே 1950-களில் இலங்கையிலிருந்து அங்கே வந்து சேர்ந்தது என்று சொல்கிறார்கள். வாய்க்கால்களை அடைக்கிறதென்று அரசாங்கம் அதன்மேல் பெரும்பணம் செலவிட்டு மருந்து தெளிக்கிறது. மீன் பிடிப்பவர்களோ, பெருவாயன் ஒளிந்துகொள்ள நல்ல இடம் என்று அதை அழிக்க விடமாட்டோம் என்கிறார்கள்.

ஒன்றரை மணி நேரத்தில் எங்களுக்குக் கிடைத்தவை இரண்டு சிறு மீன்கள். கிழவருக்கு ஐந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டார். அந்த மாநிலத்துச் சட்டப்படி ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து வைத்துக்கொள்ளலாம். அவற்றுள் ஒன்றுதான் 16 அங்குலமோ அதற்கு மேலோ இருக்கலாம். ஆயினும் அங்கே பலர் பிடிப்பதும் விடுவதுமாகவே இருக்கிறார்கள்.

அப்போதுதான் நாகபுரிக்காரர் நின்றார், கையை நீட்டினார். கோரைத் தண்டுகளுக்கு நடுவே, இரண்டடித் தண்ணீருக்கு அடியில், சமையற்கட்டுத் தாம்பாளத்தைக் கவிழ்த்து எடுத்ததுபோல் வட்டமாக, வெண்மணல் தெரியும் ஒரு பள்ளம். சுற்றிலும் கருத்த தரை. அந்த வட்டம் மட்டும் கூட்டி மெழுகியதுபோல் சுத்தம். அதன்மேல் அசையாமல் ஒரு மீன். துடுப்புகள் மட்டும் விசிறிபோல் அசைந்துகொண்டிருந்தன.

அது பெருவாயனின் கூடு. நீரின் வெப்பம் 15 முதல் 20 பாகை செண்டிகிரேடு வரையில் வரும்போது ஆண் மீன் ஆழமில்லாத நீருக்கு வந்து, வாலால் தரையைப் பெருக்கிப் பள்ளம் செய்கிறது. பெண் வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். பெண்தான் பெரியது, கண்காட்சிகளில் படம் எடுத்துக்கொள்ளும் பெருமீன்களெல்லாம் பெண்களே. காவல் முழுவதும் ஆணின் பொறுப்பு. மூன்று நான்கு நாள்களில் முட்டை பொரியும். பொரிந்த குஞ்சுகள் கூட்டமாய் எழுந்து திரியத் தொடங்கிய பின்னும் சில வாரங்கள் தகப்பன் உடன் இருக்கிறது. அந்நாள்களில் அது இரை தேடப் போவதில்லை. ஆனால் கூட்டுக்குள் எது விழுந்தாலும் விடுவதில்லை. வாயால் கவ்விக்கொண்டு போய் வெளியே போட்டுவிட்டு வரும்.

பசியில்லாத மீனைப் பிடிக்க இதைவிட எளிய வழி வேறில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது. கிழவர் கையைத் தூக்குவதற்குள் நாகபுரிக்காரர் தூண்டிலை வீசிவிட்டார். புழு வெண்மணலின் நடுவே விழுந்தது. மீன் ஒருமுறை திரும்பிப் பார்த்தது, பின்வாங்கியது, முன்வந்தது. குப்பையை எடுப்பதுபோல் புழுவை எடுத்தது. அவர் சுண்டினார்.

14 அங்குலம் இருக்கும். இரண்டு கைகளிலும் ஏந்தி நின்றார் நண்பர். கொல்கத்தாக்காரர் படகிலிருந்தபடியே படம் எடுத்தார். எல்லோருக்கும் மகிழ்ச்சி. கிழவர் மட்டும் மீனைப் பார்க்கவில்லை. அவர் கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும் பார்த்தோம். எங்கிருந்து வந்தனவோ, உள்ளங்கை அகலமுள்ள சிறு மீன்கள், ‘புளூகில்’ என்பவை, ஏழெட்டு அந்த வட்டத்துக்குள் தலைகீழாக நின்று மணலைக் கொத்திக்கொண்டிருந்தன. கோழிக்குத் தீனி இறைத்த முற்றம் போல இருந்தது. இத்தனைக்கும் புளூகில் பெருவாயனுக்குக் கிட்டிய உறவு, ஒரே குடும்பம்.

“விடுங்கள்,” என்றார் கிழவர். “இங்கேயே விடுங்கள்.”

விட்டோம். மீன் நேரே கூட்டுக்குப் போகவில்லை. சற்றுத் தொலைவில் கோரைத் தண்டு ஒன்றின் அடியில் சாய்ந்து, செவுளைத் திறந்து மூடிக்கொண்டு கிடந்தது. தப்பிய மீன் ஓடிவிடும் என்று எண்ணியிருந்தோம். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றோம். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். சிறு மீன்கள் வந்துகொண்டே இருந்தன. நண்பர் தடியால் தண்ணீரைத் தட்டி அவற்றை விரட்டப் பார்த்தார்; விலகின, மறுபடி வந்தன. ஆறாவது நிமிஷத்தில் அந்த ஆண் மீன் எழுந்தது. எழுந்து வந்த வேகத்தில் சிறு மீன்கள் சிதறின. பழையபடி வட்டத்தின்மேல் வந்து நின்று துடுப்பை விசிறத் தொடங்கியது. முட்டைகளில் எத்தனை போயின, எத்தனை மிஞ்சின என்று நின்ற இடத்திலிருந்து எங்களால் எண்ண முடியவில்லை. பெண் மீனின் எடையில் ஒவ்வொரு பவுண்டுக்கும் ஆயிரக்கணக்கில் முட்டை என்பது கணக்கு. ஆறு நிமிஷத்துக்கு எத்தனை ஆயிரம் என்பதற்குக் கணக்கில்லை.

படகில் திரும்பும்போது இதைப் பற்றியே பேச்சு. கிழவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. அவருடைய தகப்பனார் கூட்டைத் தேடித்தான் பிடிப்பாராம். அவரும் இளமையில் அப்படியே செய்தவராம். ஃபிளாரிடாச் சட்டம் அதைத் தடுக்கவும் இல்லை. குளிர்ப்பிரதேச ஏரிகளிலே, கனடாவின் ஒண்டாரியோ போன்ற இடங்களில், குஞ்சு பொரிக்கும் காலம் முடியும்வரை பெருவாயனைப் பிடிக்கலாகாது என்று விதி வைத்திருக்கிறார்கள். ஃபிளாரிடாவிலோ கூடு கட்டும் காலம் நீண்டது, கூடுகளும் ஏராளம். ஒன்றிரண்டு கெட்டால் ஏரிக்குக் குறைவில்லை என்று சொல்லும் அறிஞரும் உண்டு. காவல் மீனைச் சிறிது நேரம் எடுத்தாலே அந்தக் கூடு பாழாகக்கூடும் என்பதில் மட்டும் அவர்களுக்குள் வழக்கில்லை. ஒரு கூடு பாழாவதும் ஏரி பாழாவதும் ஒன்றா என்பதுதான் வழக்கு. எங்கள் கருத்தைக் கேட்டால், நீரில் நின்று கண்ணால் பார்த்தவர்களுக்கு இரண்டாவது கேள்வி அவ்வளவு ஆறுதல் தருவதில்லை.

சிவகங்கைக்காரர் நெடுநேரம் பேசாமல் வந்தார். பிறகு சொன்னார்: “எங்கள் கண்மாயில் விரால் பார்ப்பு மிதக்கும்போது இதைத்தான் செய்தோம்.” கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களில் கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். விரால் குஞ்சுகள் செம்பு நிறத்தில் ஒரு முறம் அகலத்துக்கு நீரின் மேல் கூடி மொய்க்கும். கீழே தாயும் தகப்பனும் காவல். அந்தச் செம்பொட்டின் நடுவே தவளை கோத்த தூண்டிலை வைத்தால் காவல் விரால் பாய்ந்து வரும். வீட்டில் குழம்பு கொதிக்கும். மறுநாள் அந்தப் பார்ப்பு என்ன ஆயிற்று என்று பார்க்கப் போனதில்லை என்றார் நண்பர். கொக்குக்குத்தான் தெரியும்.

விரால் என்ற பெயரைக் கேட்டதும் கிழவர் முகம் சுளித்தார். ஆசிய விரால் வகை ஒன்று 2000-ஆம் ஆண்டில் தெற்கு ஃபிளாரிடாக் குளங்களில் காணப்பட்டது. அன்று முதல் அது அவர்களுக்கு அழையா விருந்தாளி. பிடித்தால் திரும்ப நீரில் விடாதே, கொன்றுவிடு என்பது அங்கே அறிவுரை. இதே பெருவாயன் கடல்கடந்து போன இடங்களில் பட்டமும் அதுவே. 1925-இல் ஜப்பானுக்குக் கொண்டுபோய் ஆஷி ஏரியில் விட்டார்கள். பின்னர் அது நாடெங்கும் பரவி உள்நாட்டு மீன்களைத் தின்றது. 2005 முதல் அங்கே அதை உயிருடன் வளர்ப்பதும் கொண்டுசெல்வதும் குற்றம். ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள்: 1932-இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீன்தான் உலகிலேயே பெரிதென்று எழுபத்தேழு ஆண்டுகள் நின்றது, அதற்கு ஈடான மீன் 2009-இல் அகப்பட்டது ஜப்பானின் பிவா ஏரியில்!

இனிக் கரையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மீனின் கதை கரையின் கதையோடு முடிச்சுப் போட்டது. 1928 செப்டம்பரில் ஒரு சூறாவளி வீசியது. ஆழமில்லாத ஏரியில் காற்று தட்டில் உள்ள நீரைச் சாய்ப்பதுபோல் நீரைச் சாய்த்துவிடும். வடக்குக் காற்று ஏரியையே தெற்கே தள்ளியது. அங்கிருந்த சிறு மண்கரை உடைந்து குறைந்தது 2,500 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் வயல்வேலைக்கு வேற்றூர்களிலிருந்தும் பஹாமாத் தீவுகளிலிருந்தும் வந்திருந்த கறுப்பினக் கூலியாள்கள்; பலர் பெயரும் தெரியாமல் ஒரே குழியில் புதைக்கப்பட்டார்கள். பிழைக்கப் போன இடத்தில் பெயரின்றி மறைந்தவர்கள். அதன் பின்னர் எழுந்ததே இப்போதுள்ள பெருங்கரை. சுற்றளவு 230 கிலோமீட்டர். அதைப் பழுதுபார்த்து வலுப்படுத்தும் வேலை 2023-இல் முடிந்தது. அந்தக் கரை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் கரை எழுந்தபின் ஏரியால் விரிய முடியவில்லை. முன்பு மழை மிகுந்தால் நீர் சமவெளியில் பரவும். இப்போது பானைக்குள் உயர்கிறது. 2017-இல் ‘இர்மா’ சூறாவளிக்குப் பின் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 17 அடியைத் தாண்டியது. அளவுக்கு மேல் உயர்ந்தால் சூரிய ஒளி தரைக்கு எட்டாது, கலங்கல் வேறு. நீரடிப் புல் அழிகிறது. புல் அழிந்தால் குஞ்சு ஒளிய இடமில்லை. 2004, 2005 சூறாவளிகளுக்குப் பிறகும் புல் அழிந்து பெருவாயன் குறைந்தது. 2007-இல் வறட்சி வந்து நீர் வற்றிய பின்னரே புல் முளைத்து மீன் மீண்டது. வறட்சியை மீன் பிடிப்பவன் வாழ்த்துவது நமக்கு விசித்திரமாகத் தோன்றலாம். ஆகவே 2019-இல், நாங்கள் போயிருந்த அந்தப் பருவத்தில், அதிகாரிகள் வேண்டுமென்றே ஏரியைத் தாழ்த்திக்கொண்டிருந்தார்கள். தெற்கே கரும்பு விவசாயிகளுக்கு அது பிடிக்கவில்லை. கோடையில் நீர் போதாமற் போனால் யார் பொறுப்பு என்றார்கள். கிழக்கு, மேற்குக் கடற்கரை ஊரார் அதை வரவேற்றார்கள். மழைக்காலத்தில் ஏரி நிரம்பினால், பச்சைப் பாசி படர்ந்த நீர் தங்கள் முகத்துவாரங்களுக்குத் திறந்துவிடப்படுகிறது என்பது அவர்கள் முறையீடு. 2016-இலும் 2018-இலும் அவ்வாறு நேர்ந்திருந்தது. 2008 முதல் 12½ அடிக்கும் 15½ அடிக்கும் இடையே வைத்துக்கொள்வது விதி. 2024-இல் புதிய விதி வகுத்தார்கள். நாங்கள் இரண்டு வாரம் படித்தது இந்த வழக்கைத்தான். வரைபடத்தில் அது ஒரு கோடு. அரையங்குலம் மேலே, அரையங்குலம் கீழே.

மாலையில் கிழவரை அழைத்துக்கொண்டு கரைமேல் ஏறினோம். அங்கிருந்து பார்த்தால் கோரை ஒரு பச்சை விளிம்பு, அதற்கப்பால் வெள்ளித் தகடு. காலையில் நாங்கள் நின்ற இடம் எதுவென்று அடையாளம் காண முடியவில்லை. அளவுகோலைப் பார்த்துவிட்டு நாகபுரிக்காரர் எண்ணைச் சொன்னார். அடுத்த மாத நடுவுக்குள் இன்னும் எவ்வளவு குறையும் என்று கிழவர் கேட்டார். இதே வேகத்தில் போனால் அரை அடி குறையும், வெயிலைப் பொறுத்துச் சற்றுக் கூடவும் செய்யலாம் என்றோம். புல்லுக்கு அது நல்லது என்பதையும் சேர்த்துச் சொன்னோம்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து, தம் கால்சட்டையில் முழங்காலுக்கு மேலே காய்ந்திருந்த தண்ணீர்க் கறையின்மேல் ஒரு விரலை வைத்தார். அதிலிருந்து அரை அடி கீழே இன்னொரு விரலை வைத்தார். பிறகு நண்பரைப் பார்த்து, “உங்கள் மீனுக்கு எத்தனை நாள் வேண்டும்?” என்று கேட்டார். மூவரும் நின்று மனக்கணக்குப் போட்டோம். முட்டை பொரிய நான்கு நாள். குஞ்சு எழுந்து நீந்த மேலும் ஒரு வாரம். “போதும்,” என்றார் நண்பர், “இன்றைக்கு நாங்கள் விட்டுவைத்ததற்குப் போதும்.”